யூமா குன்றுச் சிறை: போகும் முன் பலரும் கேட்கிற கேள்விகள்

அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது சான் டியேகோ கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம். நடுவழியில் யூமா வரும். பெட்ரோல் போட்டு, பிள்ளைகளைப் பாத்ரூம் கூட்டிப்போய்விட்டு மறுபடி ஃப்ரீவே ஏறிவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் போனேன். ஃப்ரீவேயிலிருந்து சில நிமிடத்தில், கொலராடோ ஆற்றங்கரைக் குன்றின் மேல் 1876இல் கட்டிய சிறை ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரு தடவை உள்ளே போனபின் அந்த ஊரை என்னால் சும்மா தாண்டிப்போக முடியவில்லை. தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

இது என்ன சிறை? யார் கட்டியது?

அரிசோனா மாநிலமானது 1912 பிப்ரவரி 14ஆம் தேதிதான். அதற்கு முன் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது வெறும் ‘டெரிட்டரி’, அதாவது இன்னும் மாநிலமாகாத ஆட்சிப் பகுதி. சுரங்கமும் மாட்டுப் பண்ணையும் ராணுவ முகாமும் சிதறிக்கிடந்த எல்லைப்புறம். குற்றவாளியைப் பிடித்தாலும் வருடக்கணக்கில் அடைத்து வைக்க உறுதியான இடம் இல்லை. 1875இல் சிறை கட்ட முடிவானது. ஃபீனிக்ஸுக்குப் போகவேண்டிய அந்தச் சிறையை யூமாவின் சட்டசபை உறுப்பினர்கள் தங்கள் ஊருக்குத் திருப்பிக்கொண்டார்கள். சிறை வந்தால் வேலையும் வியாபாரமும் கூடவே வரும் என்பது அவர்கள் கணக்கு.

கட்டியது கைதிகள்தான். 1876 ஜூலை 1ஆம் தேதி முதல் ஏழு கைதிகளை உள்ளே வைத்துப் பூட்டினார்கள், அவர்கள் கையாலேயே எழுப்பிய அறைகளில். குன்றைக் குடைந்து எடுத்த கல், ஆற்று மண்ணில் அறுத்து வெயிலில் காயவைத்த பச்சைக்கல், இவைதான் கட்டுமானப் பொருள். கடைசிக் கைதி வெளியேறியது 1909 செப்டம்பர் 15. இடைப்பட்ட 33 வருடத்தில் 3,069 பேர் இங்கே இருந்திருக்கிறார்கள். அதில் 29 பேர் பெண்கள்.

ஏன் இவ்வளவு வெயிலடிக்கிற ஊரில் போய்க் கட்டினார்கள்?

காவல் கோபுரத்தில் ஏறி நின்று சுற்றிப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். கொலராடோ ஆறும் ஹீலா ஆறும் கூடுகிற இடம் அது. இன்று அணைகள் தடுத்துவிட்டதால் ஆறு மெலிந்து ஓடுகிறது. அன்று அது நீராவிப் படகுகள் போய்வந்த பெரிய ஆறு. ஒரு பக்கம் வெள்ளம், மற்ற பக்கமெல்லாம் பாலைவனம். மதிலைத் தாண்டினாலும் தண்ணீர் இல்லாமல் எத்தனை மைல் போகமுடியும்? 26 பேர் தப்பித்துப் போயிருக்கிறார்கள் என்கிறது கணக்கு. அதிலும் மதிலுக்குள்ளிருந்தே தப்பியவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் வெளி வேலைக்குப் போன இடத்தில் நழுவியவர்கள்.

கொடூரமான சிறை என்கிறார்களே, உண்மையா?

இந்தச் சிறைக்கு இரண்டு பெயர் உண்டு. வெளியூரில் இதை ‘நரகக்குழி’ என்றார்கள். யூமாக்காரர்களில் சிலர் ‘கொலராடோ ஆற்றங்கரை கிளப்’ என்று வயிறெரிந்தார்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை. அதைப் புரிந்துகொள்ளத்தான் இங்கே போகவேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

வயிறெரிந்ததற்குக் காரணம் இருந்தது. ஊருக்குள் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் சிறைக்கு மின்சாரம் வந்துவிட்டது. விளக்கோடு, அறைகளுக்குக் காற்று தள்ளுகிற எந்திரமும் அதில் ஓடியது. நல்ல ஆஸ்பத்திரி இருந்தது. எழுத்தறியாமல் வந்த பலர் இங்கே படிக்கக் கற்றுக்கொண்டு போனார்கள். நூலகமும் இருந்தது. சிறையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம் அந்தக் காலத்திலேயே கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கினார்கள். நூலகம் அமையப் பெரிதும் உழைத்தவர் சிறைக் கண்காணிப்பாளரின் மனைவி மடோரா இங்கால்ஸ். ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் உள்ளேயே சந்தை கூடும். கைதிகள் ஓய்வு நேரத்தில் செய்த பொருள்களை ஊர்க்காரர்கள் வந்து வாங்கிப்போவார்கள்.

அருங்காட்சியகத்தில் இந்தக் கைவேலைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். குதிரையின் வால்முடியை இழை இழையாகப் பிரித்துப் பின்னிய கடிவாளங்கள் உண்டு. பின்னல் இம்மி பிசகியிருக்காது. நாள் கணக்கில், மாதக் கணக்கில் ஒரு மனிதன் குனிந்து உட்கார்ந்திருந்தால்தான் அப்படி ஒரு வேலை வரும். நேரத்தைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாதவன் செய்த வேலை அது.

இனி மறுபக்கம். ஒரு அறையில் ஆறு பேர். இரு சுவரிலும் மூன்று மூன்று அடுக்காகப் படுக்கை. முதலில் மரக்கட்டில்தான் போட்டிருந்தார்கள். மூட்டைப்பூச்சித் தொல்லை தாங்காமல் இரும்புக்கு மாற்றினார்கள். வெளியே ஜூலை வெயில், உள்ளே ஆறு உடம்பு, மூலையில் மலச்சட்டி. தப்ப முயன்றவன் காலில் சங்கிலியும் இரும்புக் குண்டும். தண்டனைக் காலத்திலேயே 111 பேர் செத்திருக்கிறார்கள், பெரும்பாலும் காசநோயால். காற்று தள்ளுகிற எந்திரம் வைத்த அதே சிறையில்தான் இருமி இருமிச் செத்தார்கள். அக்காலத்துச் சிறைகளோடு ஒப்பிட்டால் நிர்வாகம் மனிதத்தன்மையோடு நடந்தது என்று ஆவணங்கள் சொல்கின்றன. நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்த அறைக்குள் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தவர் வாயில் ‘கிளப்’ என்ற சொல் வராது.

தூக்கு மேடை எங்கே இருக்கிறது?

இல்லை. இங்கே யாரையும் தூக்கில் போட்டதில்லை. மரண தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பு அந்தந்தக் கவுன்ட்டியுடையது, நம்மூர் மாவட்டம் மாதிரி.

‘இருட்டறை’ என்கிறார்களே, அது என்ன?

சிறை விதியை மீறினால் தண்டனை இது. குன்றுக்குள் குடைந்த ஒரு குகை, அதற்குள் ஒரு இரும்புக் கூண்டு. மேலே காற்றுக்கு ஒரு துவாரம். அந்தத் துவாரம் வழியாக விழுகிற வெளிச்சமே அன்றைய வெளிச்சம். படுக்கை கிடையாது. ரொட்டியும் தண்ணீரும்தான். உள்ளே சிலரைச் சங்கிலியால் பிணைத்தும் வைத்தார்கள். தரையில் அந்த வளையங்களைப் பார்க்கலாம்.

முதல் தடவை போனபோது என் மகளுக்கு ஒன்பது வயது. உள்ளே போனதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் கழித்து, “அப்பா, இப்போ கொஞ்சம் தெரியுது,” என்றாள். கண் பழகிவிட்டது. பழகினபின் தெரிவதெல்லாம் சுவர்தான். வெளியே வந்தபின் வெகுநேரம் அவள் பேசவே இல்லை. காருக்குத் திரும்பும்போதுதான், “அவங்க எத்தனை நாள் இருந்தாங்க?” என்று கேட்டாள். நாள் கணக்கிலும் சிலர் இருந்தார்கள் என்று சொன்னேன். காவலர்கள் துவாரம் வழியாகப் பாம்பைப் போட்டார்கள் என்றெல்லாம் கதை சொல்வார்கள். அது கதை. கதை இல்லாமலே அந்த இடம் போதுமான அளவு பேசும்.

யார் யாரெல்லாம் இங்கே இருந்தார்கள்? எல்லோரும் கொலைகாரர்களா?

இல்லவே இல்லை. அதிகம் பேர் திருட்டு வழக்கில் வந்தவர்கள். கொலையும் உண்டு. பலதார மணம் செய்ததற்காகத் தண்டனை பெற்ற மார்மன் சமயத்தவர்களும் இங்கே இருந்திருக்கிறார்கள். விடுதலை கிடைப்பதும் எளிதாக இருந்தது. பாதிக் காலத்திலேயே மன்னிப்பு வாங்கி வெளியே போனவர்கள் ஏராளம்.

எல்லோரும் தேடிப் பார்க்கிற படம் பேர்ல் ஹார்ட்டுடையது. கனடாவில் பிறந்தவர். 1899 மே 30 அன்று ஜோ பூட் என்கிற கூட்டாளியோடு சேர்ந்து, குளோப் ஊரிலிருந்து ஃபுளோரன்ஸ் போன குதிரை கோச் வண்டியை மடக்கினார். ஆண் உடை போட்டு, முடியை வெட்டிக்கொண்டு. சில நாளிலேயே பிடிபட்டார்கள். ஜூரி அவரை விடுவித்துவிட்டது. நீதிபதிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேறு குற்றச்சாட்டில் மறுபடி விசாரணை, ஐந்து வருடத் தண்டனை. ஜோ பூட்டுக்கு முப்பது வருடம். ஜோ பூட் 1901இல் தப்பிப் போய்விட்டான். பேர்ல் 1902 டிசம்பரில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். இந்தச் சிறையில் பத்திரிகைக்காரர்கள் அதிகம் தேடி வந்தது அவரைத்தான்.

எனக்கு நெஞ்சில் நிற்பது வேறு ஒருவர். ரிக்கார்டோ ஃப்ளோரெஸ் மகோன். மெக்சிகோவில் போர்ஃபிரியோ தியாஸின் சர்வாதிகாரத்தை எதிர்த்துப் பத்திரிகை நடத்தியவர், அமெரிக்காவுக்கு வந்த பிறகும் எழுதியவர். 1907இல் லாஸ் ஏஞ்சலஸில் கைதாகி, அமெரிக்க மண்ணிலிருந்து வேறு நாட்டின் மேல் தாக்குதல் நடத்தக்கூடாது என்கிற நடுநிலைச் சட்டத்தை மீறினார் என்று 1909இல் பதினெட்டு மாதத் தண்டனை பெற்று யூமாவுக்கு வந்தார், தோழர்கள் லிப்ராடோ ரிவேராவோடும் அன்டோனியோ வில்லாரியலோடும். அவர்கள் வந்தது சிறையின் கடைசி மாதங்களில். ஃபுளோரன்ஸில் கட்டிய புதுச் சிறைக்கு மாற்றப்பட்டு 1910 ஆகஸ்டில் விடுதலையானார்கள். அந்த நவம்பரில் மெக்சிகோவில் புரட்சி வெடித்தது. சிறைக் குன்றிலிருந்து பார்த்தால் மெக்சிகோ எல்லை வெகுதூரம் இல்லை. எழுதியதற்காக ஊரைவிட்டு வந்த மனிதன் தன் நாட்டுப் பக்கம் பார்த்தபடி இங்கே நின்றிருப்பான் என்று நினைக்கையில் மனசு கனக்கும். வழிகாட்டிகள் பேர்ல் ஹார்ட்டைப் பற்றி அவர்களாகவே சொல்வார்கள். மகோனைப் பற்றி நீங்கள் கேளுங்கள்.

கலவரம் ஏதும் நடந்ததா?

1887 அக்டோபர் 27இல் நடந்தது பெரிது. கண்காணிப்பாளர் தாமஸ் கேட்ஸைச் சில கைதிகள் பிடித்துக் கேடயமாக வைத்துக்கொண்டு வெளியேறப் பார்த்தார்கள். கோபுரத்திலிருந்து காவலர் சுட்டார். ஒருவன் கேட்ஸைக் கத்தியால் குத்தத் தொடங்கினான். அப்போது குறுக்கே பாய்ந்து, துப்பாக்கியை எடுத்து அவனைச் சுட்டு கேட்ஸைக் காப்பாற்றியது பார்னி ரிக்ஸ். அவரும் கைதிதான், கொலைக்கு ஆயுள் தண்டனை அனுபவித்தவர். அதற்காக அவருக்கு மன்னிப்பு கிடைத்தது. கேட்ஸ் உயிர் பிழைத்தார். அந்தக் காயம் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. நடந்த இடம் பிரதான வாசல் பக்கம். அந்த வாசல் இன்றும் நிற்கிறது. அதற்குள் நடந்துதான் உள்ளே போவீர்கள்.

சிறையை மூடிய பிறகு என்ன ஆனது? பாதி இடிந்து கிடக்கிறதே?

1907 வாக்கில் இடநெருக்கடி தாங்கவில்லை, குன்றில் விரிக்க இடமும் இல்லை. கைதிகளே ஃபுளோரன்ஸில் புதுச் சிறை கட்டி, அதற்கே மாறினார்கள். அதற்கடுத்து நடந்தது பலருக்குத் தெரியாது: 1910 முதல் 1914 வரை யூமாவின் உயர்நிலைப் பள்ளி இந்த வளாகத்தில்தான் நடந்தது! ஃபீனிக்ஸ் அணியை அமெரிக்கன் ஃபுட்பாலில் தோற்கடித்தபோது கோபத்தில் அவர்கள் “கிரிமினல்ஸ்” என்று திட்ட, யூமாப் பிள்ளைகள் அதையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பள்ளியின் அணிக்கு இன்றும் அதுதான் பெயர்.

பிறகு கேட்பாரற்றுப் போனது. 1920களில் சரக்கு ரயிலில் தொற்றி ஊர் ஊராகப் போனவர்கள் அறைகளில் இலவசமாகத் தூங்கினார்கள். 1930களின் பெருமந்தத்தில் வீடிழந்த குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு அதே செல்களில் குடியிருந்தன. வீடு கட்டுகிறவர்கள் கல்லும் மரமும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தீ, மழை, ரயில் பாதைக்காக வெட்டியது எல்லாம் சேர்ந்து மதில்களைத் தின்றுவிட்டன. மிஞ்சியவை செல் வரிசை, பிரதான வாசல், காவல் கோபுரம். ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர் விழித்துக்கொண்டு, பழைய சாப்பாட்டுக் கூடம் இருந்த இடத்தில் ஒரு அருங்காட்சியகம் எழுப்பினார்கள். 1961இல் அது மாநிலப் பூங்காவானது. 2010இல் மாநில அரசிடம் பணமில்லை, மூடிவிடுவோம் என்ற பேச்சு வந்தபோதும் ஊர்க்காரர்கள்தான் நிதி திரட்டிக் காப்பாற்றினார்கள். இடிந்து கிடப்பதைப் பார்த்துக் குறைப்படாதீர்கள். மிச்சம் இருப்பதே அவர்கள் புண்ணியம்.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரை. யூமா அமெரிக்காவிலேயே அதிக வெயில் படுகிற ஊர்களில் ஒன்று. கோடையில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், அதாவது 43 செல்சியஸுக்கு மேல். 1995 ஜூலையில் 124 வரை போனது. கோடையில் திறக்கும் நாளும் நேரமும் குறையக்கூடும், கிளம்பும் முன் பூங்காவின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். கோடையில் போயே ஆகவேண்டும் என்றால் காலையில் திறந்தவுடன் நுழைந்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கையிலிருக்கட்டும்.

எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம் ஒதுக்கவேண்டும்?

ஃபீனிக்ஸிலிருந்து சுமார் 185 மைல், மூன்று மணி நேரம். சான் டியேகோவிலிருந்து சுமார் 170 மைல். பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். அரை மணியில் முடித்துவிடலாம் என்பார்கள். போட்டோ எடுக்க அது போதும், பார்க்கப் போதாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, கலிஃபோர்னியாவில் மாற்றுவார்கள். கோடையில் இரண்டு பக்கமும் ஒரே நேரம். குளிர்காலத்தில் யூமா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். சான் டியேகோவிலிருந்து குளிர்காலத்தில் மதியத்துக்கு மேல் கிளம்பினால் மூடிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். அவர்களால் நடக்க முடியுமா?

அருங்காட்சியகமும் செல் வரிசையும் மெதுவாக நடந்தால் பிரச்சினை இல்லை. தரை சில இடங்களில் சரளை, சில இடங்களில் மேடுபள்ளம். செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். காவல் கோபுரத்துக்குப் படி ஏறவேண்டும், முட்டிவலி இருந்தால் விட்டுவிடலாம். என் மாமனார் கீழே நிழலில் உட்கார்ந்துகொண்டு, செல் கதவுகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். பட்டை இரும்பைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஆணி அடித்த கதவு. ஊரில் இரும்புப் பட்டறை வைத்திருந்தவர். “இதைச் செஞ்சவன் நல்ல வேலைக்காரன்ப்பா,” என்று சொல்லிக்கொண்டே ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஏழெட்டு வயதுக்கு மேல் தாராளமாக. கோடுபோட்ட கைதி உடையில் படமெடுத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள், எடுக்கட்டும். அதற்கு முன் ஒரு செல்லுக்குள் ஆறு பேர் நின்று பாருங்கள். நாங்கள் நான்கு பேர் நின்றபோதே முழங்கை இடித்தது.

சாப்பாடு?

மேசைகள் இருக்கின்றன, கட்டுச்சோறு கொண்டுபோகலாம். வெயில் காலத்தில் தயிர்சாதத்தைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், புளித்துவிடும். புளியோதரை தாங்கும். ஊருக்குள் மெக்சிகன் சாப்பாடு நன்றாக இருக்கும். பேரீச்சம்பழ மில்க்‌ஷேக் குடித்துப் பாருங்கள், மெஜூல் பேரீச்சை அங்கே தோப்புத் தோப்பாக விளைகிறது.

விசாவில் இருக்கிறோம். ஏதாவது சிக்கல் வருமா?

சிறைக்குள் போக டிக்கெட் மட்டும் போதும். ஆனால் யூமா எல்லையோர ஊர். அந்தப் பகுதிச் சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. பாஸ்போர்ட்டும் விசா தாள்களும் கையோடு இருக்கட்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரின் பாஸ்போர்ட்டையும் மறக்காதீர்கள்.

இதேபோல் வேறு சிறைகள் உண்டா?

உண்டு. வயோமிங் மாநிலத்தில் லாரமி (1872), பேர்போன கொள்ளைக்காரன் புட்ச் காசிடி 1894 முதல் 1896 வரை இருந்த இடம். அதே மாநிலத்தில் ராலின்ஸ், 1901 முதல் 1981 வரை இயங்கியது. மொன்டானாவில் டியர் லாட்ஜ். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் வழியில் சேர்த்துக்கொள்ளலாம்.

எதைப் பார்க்காமல் வந்துவிடக்கூடாது?

கல்லறை. பெரும்பாலோர் கோபுரம், செல், இருட்டறை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கல்லறை மதிலுக்கு வெளியே, பக்கத்திலேயே இருக்கிறது. இறந்தவர்களில் 104 பேரை அங்கே புதைத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையை எதிர்பார்க்காதீர்கள். வெறும் கல்குவியல்கள், மனித நீளத்துக்கு, வரிசையாக. எந்தக் குவியலின் கீழ் யார் என்று தெரியாது. நான் போகும்போதெல்லாம் காரில் இருக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போய் முதல் வரிசையில் கொஞ்சம் ஊற்றிவிட்டு வருவேன். காய்ந்த கல் அதை உடனே குடித்துவிடும்.